ஈயம் வேண்டாத நாள்

என் தையல் கடையில் துணி வெட்டும் மேசைமேல் ஒரு ஈயக் குண்டு கிடக்கிறது. வலை கடலுக்குள் தாழ்ந்து நிற்பதற்காக அடிக்கயிற்றில் கோர்ப்பார்களே, அந்தக் குண்டு. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் கயிறு போக ஒரு துளை. கடல் பக்கமிருந்து காற்று வந்தால் வெட்டிப்போட்ட துணி மேசையை விட்டு எழும்பும். அப்போது இதை எடுத்து ஓரத்தில் வைப்பேன், துணி அடங்கிவிடும். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் எங்கள் கடற்கரைப் பெண்கள்தான் என்பதால், இது என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஒரு அக்கா மட்டும் கையில் எடுத்துப் பார்த்து, "இது எந்தக் கடல்லடி கெடந்தது, இப்படித் தேஞ்சிருக்கு?" என்று கேட்டார். கடலில் இல்லை அக்கா, வானத்தில் கிடந்தது என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிளவுஸுக்குக் கை எவ்வளவு இறக்கம் என்று பேச்சை மாற்றினார். பாவம், அண்ணன் போன துக்கத்தில் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஆனால் நான் சொன்னது உண்மை. அந்த ஈயம் என் அண்ணன் செய்த விமானத்துக்குள் இருந்தது. ஆள் ஏறுகிற விமானம் இல்லை, தரையில் நின்று ரிமோட்டால் ஓட்டுகிறது. அதற்காகப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. இறக்கையின் ஒரு நுனியில் தலைவைத்து அண்ணன் படுத்தால் அவன் கால் மறுநுனிக்கு எட்டாது. பெட்ரோலில் ஓடும் எஞ்சின். வானத்தில் கரணம் போடவும், மல்லாந்து பறக்கவும், மூக்கை மேலே வைத்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கவும் என்றே செய்தது. அண்ணன் இப்போது இல்லை. மண்டைக்காட்டுக்குப் போகிற ரோட்டில், ஒரு மழை நாளில், பைக் சறுக்கிவிட்டது. அதைப் பற்றி இதற்குமேல் எனக்கு எழுத வராது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வருகிறதை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணனுக்குக் கடல் சேராது. முட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. அப்பா, அப்பாவின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடலில் போகிறவர்கள். அண்ணன் வள்ளத்தில் ஏறினால் கரை மறைவதற்கு முன்பே வாந்தி எடுப்பான். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அப்பா அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அண்ணன் பிறகு சொல்லியிருக்கிறான். அப்புறம் அவன் ஷார்ஜாவுக்குப் போனான். அங்கே பாலைவனத்துக்குள் இந்த மாதிரி விமானங்களைப் பறக்கவிடுகிற ஒரு மைதானத்தில், மணல் பெருக்கவும் விமானங்களைத் தூக்கிவைக்கவும் வேலை. தூக்கித் தூக்கியே அவனுக்கு அந்த ஆசை வந்துவிட்டது. ஒரு விமானத்தைக் கையில் எடுத்தவுடனேயே அது நன்றாகப் பறக்குமா பறக்காதா என்று கை சொல்லிவிடும் என்பான்.

அவன் திரும்பி வந்த அன்று பெட்டி பிரிக்கிறதைப் பார்க்க அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து நின்றார்கள். கல்ஃப் பெட்டி என்றால் அப்படித்தான். சோப்பும் செண்டும் பால்பொடியும் யார் யாருக்கு என்று அம்மா மனசுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒரு பெரிய கம்பளிப் போர்வையை எடுத்து நடுவீட்டில் வைத்துப் பிரித்தான். உள்ளே பளபளவென்று ஒரு எஞ்சின். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "வள்ளத்துக்காலே மக்களே?" என்று அண்ணனைக் கேட்டார். "கொறச்சு சின்னதாட்டு இருக்கே. தள்ளுமா?"

"இல்ல அப்பா. இது தண்ணியில உள்ளதில்ல" என்றான் அண்ணன். "வானத்துல ஓடக்கூடியது."

அப்பா எழுந்து, வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டினார். "கடலும் சேரல்ல. இப்ப தரையும் சேரல்லியா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை என்று இல்லை. "அவன் சோறு தின்னானா?" என்று அப்பா என்னிடம் கேட்பார். "அப்பாவுக்கு மருந்து வாங்கியாச்சான்னு கேளு" என்று அண்ணன் என்னிடம் சொல்வான். இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். நான் நடுவில் தபால்காரி.

விமானம் வளர்ந்தது எங்கள் முன்னறையில். பகலில் அண்ணன் வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டும் பட்டறைக்குப் போவான். சாயங்காலம் வந்து இதில் உட்காருவான். பால்சா என்று ஒரு மரம், கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. அதைச் சீவும்போது பறக்கிற பொடி அவன் கண்ணிமையில் எல்லாம் படிந்து, மாவு மில்லிலிருந்து வந்தவன் மாதிரி இருப்பான். எலும்புக்கூடு முடிந்தவுடன் அதன்மேல் தோல் மூடுவது என் வேலை. சூடு பட்டால் சுருங்கி இறுகுகிற ஒரு வண்ணத்தாள் அது. இஸ்திரிப் பெட்டியைத் துணிக்கு வைக்கிற மாதிரி அழுத்தி வைக்கக் கூடாது, காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைப்பது போல வைத்து வைத்து எடுக்க வேண்டும். மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் அண்ணன் எடுத்திருந்தான். வெளிச்சம் உள்ளே போகிற தாள். இறக்கையை ஜன்னலோரம் சாய்த்து வைத்தால் சாயங்கால வெயில் அதில் புகுந்து, எங்கள் சுவரெல்லாம் மஞ்சளாகிவிடும். எங்கள் மாதா கோவில் பீடத்துக்குப் பின்னால் உள்ள வண்ணக் கண்ணாடி மாதிரி. அம்மா மீன் சட்டியோடு அந்த வெளிச்சத்துக்குள் போய் வெளியே வருவாள். சட்டி கத்தரிப்பூ நிறமாகும், முகம் மஞ்சளாகும். நாங்கள் எல்லாரும் அந்த விமானத்துக்குள் குடியிருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். அப்பா மட்டும் அந்த நேரத்துக்கு வெளியே போய்விடுவார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது விமானத்தை நிறுத்துப் பார்க்கிற வேலை. தராசில் இல்லை, விரலில். இறக்கையின் அடியில் நான் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருப்பேன். அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். அந்தக் கோட்டில் ஆளுக்கு இரண்டு விரல் கொடுத்து அப்படியே தூக்க வேண்டும். "கண்ண மூடுடி" என்பான். "கண்ணு கள்ளஞ் சொல்லும். வெரலு சொல்லாது." கண்ணை மூடிக்கொண்டு நிற்போம். விமானம் எங்கள் விரல்மேல் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். மெதுவாக மூக்குப் பக்கம் சாய்ந்தால், "தலைக்கனம்" என்பான். பின்னால் சாய்ந்தால் வால்கனம். தலைக்கனம் இருந்தால் பறக்கும், ஆனால் முரடாகப் பறக்கும், கரணம் போட மனசு வராது. வால்கனம் இருந்தால் ஆபத்து. எழும்பின நிமிடத்திலிருந்து யார் சொன்னாலும் கேட்காது. இரண்டும் இல்லாமல், எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிற ஒரு இடம் உண்டு. அதைத் தேடித்தான் பாட்டரியை ஒரு விரல் முன்னே, அரை விரல் பின்னே என்று நகர்த்திக்கொண்டே இருப்பான். தலைக்கனம் தலைக்கனம் என்று கேட்டுக் கேட்டு அம்மா ஒரு நாள் அடுக்களையில் இருந்து கத்தினாள்: "எனக்க வீட்டுல ஏற்கனவே ரெண்டு தலைக்கனம் கெடக்கு. இது மூணாவதாக்கும்! ஒனக்க அப்பன ஒருக்கா வெரல்ல தூக்கிப் பாரு, எந்தப் பக்கம் சாயுவாருன்னு தெரியும்."

தை மாசம் பாதியிலேயே ஊருக்குக் கிழக்கே உள்ள குளம் வற்றிவிடும். அதன் நடுவில் ஒரு பனந்தடியை இழுத்து இழுத்து நாங்கள் ஒரு பாதை செய்திருந்தோம். முதல் நாள் எங்கிருந்தோ பையன்கள் எல்லாம் வந்து கரையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். "அண்ணே, இதுல கல்ஃபுக்குப் போலாமா?" என்று ஒருவன் கேட்டான். "ஒனக்கு விசா இருக்காலே?" என்றான் அண்ணன். எஞ்சின் சத்தத்தில் ஆடுகள் ஓடின. விமானம் காய்ந்த சேற்றில் தடதடவென்று ஓடி, திடீரென்று அந்தச் சத்தம் இல்லாமல் போனது. சக்கரம் மண்ணை விட்டுவிட்டது. வெயிலில் அதன் இறக்கை வழியாக மேகம் தெரிந்தது. நான் இஸ்திரி போட்ட தாள், நான் மடித்து ஒட்டின ஓரம், பனைமரங்களுக்கு மேலே மஞ்சளாக மிதந்து போகிறது. உயரத்தில் அதை மல்லாக்கப் புரட்டிவிட்டு அண்ணன் ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தான். தலைக்கனம் இருந்தால் மல்லாந்து போகும்போது மூக்கு தாழும். தாழவில்லை. அது பாட்டுக்கு முதுகைப் பூமிக்குக் காட்டிக்கொண்டு, கனவில் போகிறவன் மாதிரி நேராகப் போனது.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அண்ணன் கேட்டான்: "அப்பா பாத்திருப்பாரா?" குளத்தங்கரைக்கு மேலே எழும்பினால் எங்கள் ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். பார்த்திருப்பார் என்றேன். வீட்டில் அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அம்மா, "வானத்துல ஒமக்க மகனுக்க சத்தம் கேட்டுதா?" என்று கேட்டதற்கு, "தலைய நிமித்தினா வலையில கண்ணு தப்பும்" என்றார். அண்ணனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அப்பா ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். புகழ வேண்டாம், பேசக்கூட வேண்டாம். இதை அவன் என்னிடம் வாயால் சொன்னதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து குளத்துக்குப் போகும்போது, வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பான்.

ஒரு ஞாயிறு இறங்கும்போது வால் கரைக்கல்லில் இடித்து நொறுங்கிவிட்டது. பால்சா கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வர வேண்டும். கடைக்காரர் இப்போது சரக்கு இல்லை என்றுவிட்டார். அண்ணன் வால் இல்லாத விமானத்தை முன்னறையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் வாசல் சுவரில் ஒரு மரத்துண்டு சாய்த்து வைத்திருந்தது. அப்பா அதற்குள் கடலுக்குப் போய்விட்டார். நான்தான் முதலில் பார்த்தேன். எங்கள் பழைய கட்டுமரத்தின் துண்டு அது. கயிறு அறுத்த தழும்பு அப்படியே இருந்தது. சுனாமி வந்து போனபின் அப்பாவுக்கு ஒரு ஃபைபர் வள்ளத்தில் பங்கு கிடைத்தது. கட்டுமரம் அன்றிலிருந்து மணலில் கவிழ்ந்தே கிடந்தது. விறகுக்குக் கேட்டு வந்தவளை அப்பா எப்படி விரட்டினார் என்று எனக்குத் தெரியும். அதில் அவரே வெட்டுக்கத்தி வைத்திருக்கிறார்.

அண்ணன் அந்தத் துண்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான். கட்டுமரத்துக்கு எடுக்கிற மரமும் லேசான மரம்தான். பால்சா அளவுக்கு இல்லை. அதனால் மெலிதாகச் சீவினான், பனையோலை மாதிரி மெலிதாக. நான்கு நாளில் புது வால் வந்துவிட்டது. நான் தாள் போர்த்தினேன். விரலில் தூக்கிப் பார்த்தோம். எந்தப் பக்கமும் சாயவில்லை. கரையிலிருந்து கடலுக்குக் காற்றடிக்கிற காய்ந்த காலம் அது, உதடு வெடிக்கும். அண்ணன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான்.

மறுவாரம் தூக்கினால் வால்கனம். அண்ணன் பாட்டரியை நகர்த்தினான். அடுத்த தடவை தலைக்கனம். அதற்கடுத்த தடவை மறுபடியும் வால். எஞ்சின் ஆணிகளைக் கழற்றி மாட்டினான், பெட்ரோல் டாங்கைக் கவிழ்த்துப் பார்த்தான். "ஏட்டி, தெனமும் வேற விமானமாட்டு இருக்கு" என்றான். தன் விரல் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது என்று பயந்தான். அந்தப் பயத்தில் பறக்கவிடாமலேயே இருந்தான். வாலில் நான் போர்த்திய தாளும் என்னைப் படுத்தியது. இறுக்கி வைத்துவிட்டுப் போனால், மறுநாள் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். காற்று ஈரமாக இருந்த ஒரு நாள் அந்தக் கொப்புளத்தின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. ஊசியால் குத்தினேன். உள்ளே இருந்து ஒரு மணம். பாசி மணம், வள்ளத்தின் அடிப்பலகை மணம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"அண்ணே, உப்பு."

"எது உப்பு?"

"ஒனக்க வாலுதான். இந்த மரம் இப்பவும் கடல்லதாக்கும் கெடக்கு."

அவனும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். அப்பா கடலில் போன அத்தனை வருஷமும் அந்த மரம் உப்பைக் குடித்திருக்கிறது. உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிற மாதிரி, கடற்காற்று வீசினால் ஈரம் இழுத்து வால் கனத்துவிடும், வெயில் காய்ந்தால் லேசாகிவிடும். வேறு ஊர்க்காரன் எவனும் கட்டுமரத்தைச் சீவி விமானத்துக்கு வால் வைக்க மாட்டான். அண்ணன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. கோயம்புத்தூர் பார்சல் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. பிரிக்காமல் மூலையில் இருந்தது.

"மாத்திரலாம்லா?" என்றேன்.

"மாத்தினா அப்பா பாப்பாரு."

"அவரு ஒண்ணும் கேக்கமாட்டாரு."

"கேக்கமாட்டாரு. அதுதான்டி" என்றான் அண்ணன்.

அதனால் வாலை மாற்றவில்லை. மூக்குக்குள், எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டுகிற மாதிரி ஒரு சின்னத் துணிப்பை தைக்கச் சொன்னான். வாய் இறுக்குகிற நாடா வைத்துத் தைத்தேன். அப்பாவின் வலையிலிருந்து ஈயக் குண்டுகளைக் கழற்றிக் கொண்டுவந்தான். பறக்கவிடுகிற நாளில் முதலில் விரலில் தூக்குவோம். ஒரு கையில் இறக்கை, மறுகையில் ஈயம் வைத்திருப்பேன். வால் தாழ்ந்தால் பையில் ஒரு குண்டு போடுவேன், இன்னும் தாழ்ந்தால் இன்னொன்று. "காத்துல எவ்வளவு கடல் இருக்கோ அவ்வளவு ஈயம்" என்பான். அப்படித்தான் கடல் சேராத என் அண்ணன் தினமும் கடலை நிறுத்துப் பார்க்கிறவன் ஆனான்.

அப்பா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு உடுத்த வெள்ளை வேட்டியோடு குளத்தங்கரைப் பனையடியில் நின்றார். எங்களைப் பார்க்கவில்லை, கடல் பக்கம் திரும்பி நின்றார். அண்ணன் பார்த்துவிட்டான். "ஈயம் செரியா போட்டியாடி?" என்று கேட்டான். போட்டிருந்தேன். விமானத்தை ஏற்றினான். கரணம் ஒன்றும் போடவில்லை. நேராகக் கொண்டுவந்து, எங்களுக்கு முன்னால் பனை உயரத்தில், மூக்கை வானத்துக்குத் தூக்கி நிறுத்தினான். முன்னேயும் போகாமல், விழவும் செய்யாமல், அந்தரத்தில் அப்படியே தொங்கியது. அப்பாவின் மரத்தில் செய்த வால் பூமியைப் பார்த்துக்கொண்டு, நீரில் நிற்கிற மீனின் வால் மாதிரி லேசாக, லேசாக அசைந்தது. அப்பா திரும்பினார். தலை நிமிர்ந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அவர் கரையிறங்கி வந்து என்னிடம் சொன்னார்: "எறக்கச் சொல்லு அவன. காத்து திரும்புது." அண்ணன் இறக்கினான். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து வாலை நகத்தால் தட்டினார், கட்டுமரத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. "நம்ம மரம்லா?" என்றார் என்னிடம். ஆமா என்றேன். மூக்குப் பக்கத்து மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். துணிப்பையைப் பிதுக்கினார். சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினார்.

"லேய், எனக்க வலையில ஈயம் கொறஞ்சது இதுக்காக்கும்! பெருச்சாளி கொண்டுபோச்சுன்னுல்லா நான் நெனச்சேன்."

"ஆமா அப்பா" என்றான் அண்ணன்.

அப்பா பையின் நாடாவை இறுக்கிக் கட்டினார். வலை கட்டுகிற முடிச்சு. "இன்னொருக்கா அத அங்க நிறுத்து மக்களே" என்றார்.

எஞ்சின் இருமி இருமி நிற்கப் போகிறவரைக்கும் அண்ணன் அதை அங்கே நிறுத்தினான். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு வந்தது, ஆனால் எனக்கு எல்லாம் சேர்ந்து அந்த ஒரு ஞாயிறாகத்தான் நினைவில் இருக்கிறது.

அண்ணன் போனபிறகு விமானம் முன்னறைச் சுவரோரம் இருந்தது. யாரும் தொடவில்லை. ஒரு நாள் கடலிலிருந்து வந்த அப்பா, கால்கூடக் கழுவாமல் அதன் ஒரு பக்கத்தில் போய் நின்று, "பிடிடி அந்தப் பக்கத்த" என்றார். அவர் நின்றது அண்ணன் நிற்கிற பக்கம். இரண்டு விரல் கொடுத்துக் கண்ணை மூடினார். நானும் மூடினேன். "இன்னைக்கு அவனுக்கு வாலு கனமாட்டு இருக்கு" என்றார். விமானத்துக்கு என்று சொல்லவில்லை. நான் ஈயம் போட்டேன். அன்று முதல் ஒவ்வொரு காலையும் அது நடந்தது. பறக்கப் போவதில்லை, ஆனாலும் நிறுத்துச் சரிபண்ணி வைப்போம். அதன்பிறகுதான் அவருக்குப் பால் ஊற்றாத கட்டன்சாயா இறங்கும்.

நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டர், அண்ணனோடு சில ஞாயிறுகளில் பறக்கவிட வருகிறவர், கொஞ்ச மாசம் கழித்து வீட்டுக்கு வந்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார். சும்மா வைத்தால் எஞ்சின் இறுகிப்போகும், அந்தக் குளத்திலேயே நீங்கள் எல்லாம் பார்க்க ஒரு தடவை பறக்கவிட்டுவிட்டு, பிறகு நான் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்து ஓட்டிக்கொள்கிறேன் என்றார். கெட்ட மனசோடு கேட்கவில்லை. அப்பா வெகுநேரம் விமானத்தைப் பார்த்தார். "ஈயம் ஒண்ணும் வேண்டாத நாளு வரட்டு டாக்டர்" என்றார். "அன்னைக்கு விளிக்கேன். வந்து கொண்டு போங்க."

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "இந்தக் கடப்புறத்துல அப்படி ஒரு நாளு வராதுன்னு தெரிஞ்சுதான சொன்னீரு?"

மழைக்காலத்தில் பை நிறைய ஈயம் வேண்டியிருந்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பிறகு மழை விட்டது. தை வந்தது. கரைக்காற்று அடிக்கத் தொடங்கியது. துணி உலர்த்தினால் சீக்கிரம் விறைத்தது. பையிலிருந்து ஒவ்வொரு குண்டாக வெளியே வந்தது. ஒரு காலையில் பையில் ஒன்றும் இல்லாமலே தூக்கினோம். கண்ணை மூடினேன். அது எந்தப் பக்கமும் சாயவில்லை. என் விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அப்பா, "வாலு கனம்" என்றார். என் கையில் இருந்த குண்டைப் பையில் போட்டேன். மூக்கு மெதுவாகத் தாழ்ந்தது. அப்பாவின் விரலுக்கும் அது தெரிந்திருக்கும். இரண்டு பேரும் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு கீழே வைத்துவிட்டு அவர் சாயா குடிக்கப் போனார்.

மறுநாள் காலையில் அப்பாவே பையைத் திறந்து அந்தக் குண்டை எடுத்து என் கையில் தந்தார். தூக்கினோம். கிழக்கு ஜன்னல் வெயில் இறக்கையில் புகுந்து அவர் முகம் மஞ்சளாக இருந்ததை நான் கண்ணை மூடுவதற்கு முன் பார்த்தேன். அது எங்கள் விரல்மேல் நின்றது. மூச்சு விடுகிற மாதிரி இல்லை, தூங்குகிற மாதிரி. வெளியே மீன்காரி சத்தம் போட்டுக்கொண்டு போய், அந்தச் சத்தம் தேய்ந்து, இல்லாமல் போனது.

"ஒண்ணும் வேண்டாம்டி" என்றார் அப்பா. "இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம். டாக்டர விளி."

மத்தியானத்துக்குள் டாக்டர் வந்தார். குளத்தில் பறக்கவிட்டார். நன்றாகத்தான் ஓட்டினார். மஞ்சள் இறக்கை பனைகளுக்கு மேலே போனது, மல்லாந்தது, கரணம் போட்டது. அப்பா முதலில் இருந்தே தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டர் அதை அந்தரத்தில் நிறுத்தப் பார்த்தார். கொஞ்சம் நின்று, ஒரு பக்கமாக வழுக்கி இறங்கியது. திரும்பக் கொண்டுவந்தார். திரும்பவும் வழுக்கியது. "போட்டு, விடுங்க டாக்டர்" என்றார் அப்பா. "அது அவனுக்கு உள்ளது." சாயங்காலம் இறக்கைகளைக் கழற்றி டாக்டர் காரில் ஏற்றினார். பின்கதவு மூடவில்லை. கட்டுமர வால் வெளியே நீட்டிக்கொண்டு, ரோடு திரும்புகிறவரைக்கும் தெரிந்தது.

வீட்டில் இருந்த ஈயத்தை எல்லாம் அப்பா வலையில் திரும்பக் கோர்த்துவிட்டார். இது ஒன்று மட்டும் அன்றைக்குக் காலையிலிருந்து என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. கார் போனபிறகுதான் விரலை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கை எல்லாம் ஈயக் கறுப்பு. கடற்காற்று உள்ள நாட்களில் இதற்கு என் மேசைமேல் வேலை இருக்கிறது. கரைக்காற்று அடிக்கிற தை மாசக் காலைகளில் துணி தானாகவே அடங்கிக் கிடக்கும். அப்போது இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்பேன். எதிர்ச்சாயாக்கடை பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருப்பார். ஒரு கையில் சாயா. மற்றக் கை முழங்காலில் மல்லாந்து கிடக்கும், இரண்டு விரல் மட்டும் கொஞ்சம் மேலே தூக்கியபடி.